அந்த ஊருக்கு எவள் போவாள்?

“ஏனப்பா கஸ்பாரு, இந்தப் பொட்டல் காட்டைப் பாக்கறதுக்கு வெள்ளைக்காரன் கப்பலேறி வருவானாக்கும்?”

கந்தவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த வண்ணத் தாளைப் படபடவென்று ஆட்டினார். கஸ்பார் வேலை செய்கிற பாலைவன நாட்டில் கடலோரமாக நாலு மாடி ஓட்டல் கட்டுகிறார்களாம். ஒட்டகம், மணல்மேடு எல்லாம் படம் போட்டு, வெளிநாட்டாரை வா வா என்று அழைத்திருந்தது அந்தத் தாள்.

கஸ்பார் அங்கே எண்ணெய்க் கம்பெனியில் ஃபிட்டர். நாலு வருஷம் கழித்து லீவில் சேலம் வந்திருக்கிறான். ஆனால் இன்று குகைப் பேட்டையிலிருக்கும் கந்தவேல் வீட்டுக்கு அவன் வந்தது ஒட்டகக் கதை பேச அல்ல. சனிக்கிழமை அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் சேர்ந்து தனி பஸ் பிடித்து ஏற்காடு போகிறார்கள். ஏற்பாடு அவன் மனைவி அன்னாள். ஒரே ஒரு இடம் பாக்கி. அது கந்தவேலின் மனைவி ஜானகியம்மாளுக்கா இல்லையா என்று கேட்டுவரத்தான் அனுப்பியிருந்தாள்.

ஜானகியம்மாள் உள்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருஷம். கொல்லையில் நூல் உலர்த்தும்போதெல்லாம் ஏற்காட்டு மலை கண்ணில் படும். போனதில்லை.

“அண்ணா, அந்த பஸ் விஷயம்...”

“பஸ்ஸு கெடக்குது. மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு. அங்க குடிக்கக் கெடைக்குமா?”

“கெடைக்காதுங்க.”

“அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். நம்ம சேலத்துலயும்தான் மதுவிலக்குன்னு கள்ளுக்கடையை மூடி எத்தனையோ வருசமாச்சு. சினிமாக் கொட்டாய்?”

“இல்லீங்க.”

“பொம்பளைங்க?”

“வெளிய அதிகமா வரமாட்டாங்க. வந்தாலும் முகத்தை மூடிக்குவாங்க. ஊட்டுக்கு யாராச்சும் போனா ஆம்பளைங்கதான் உக்காந்து பேசுவாங்க. காபி மட்டும் உள்ள இருந்து வரும்.”

“அநியாயம்” என்றார் கந்தவேல்.

கதவோரம் டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. வளையல் கை ஒன்று நிலைப்படியில் இரண்டு காபியை வைத்துவிட்டு மறைந்தது. கந்தவேல் எழுந்து போய் எடுத்துவந்து ஒன்றைக் கஸ்பாரிடம் நீட்டினார்.

“ஆனா நல்ல ஜனங்கதானுங்கண்ணா. வழியில தவிச்சு நின்னா, கூட்டிட்டுப் போயி சோறு போடாம உட மாட்டாங்க.”

“சோறு போட்டா ஆச்சா? மனுசத்தனம் வேண்டாமா?”

இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆறு தறிக்குச் சொந்தக்காரர் மட்டுமல்ல, தெருமுனைப் படிப்பகத்தின் செயலாளரும் அவர்தான். போன மாதம் ஆண்டு விழாவில் பெண்ணுரிமை பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். இடையில் இரண்டு சோடா.

“சரி, வெள்ளைக்காரி ஒருத்தி தனியா வந்தா?”

“கல்யாணமானவங்கன்னா புருஷன் ஒரு கடுதாசி எழுதிக் குடுக்கோணுங்க. இவ என் சம்சாரம், ஊரைச் சுத்திப் பாத்துட்டு வர எனக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டு. அதைக் காட்டினா உட்டுருவாங்க.”

கந்தவேல் டம்ளரை ணங்கென்று வைத்தார்.

“கடுதாசியா? அவ என்ன சந்தையில புடிச்ச மாடா, ரசீது வெச்சுக்கிட்டு நடக்க? அவளுக்குக் கண்ணு இல்லையா, காலு இல்லையா? ஒரு எடத்தைப் பாக்கோணும்னா இன்னொருத்தன் கையெழுத்துப் போடோணுமா? மானமுள்ள பொம்பள ஒருத்திகூட அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டா. பாத்துக்கிட்டே இரு, அந்த ஓட்டலு காத்து வாங்கப் போகுது.”

அதோடு விடவில்லை. பேனாவைத் திறந்து பத்திரிகைக்கு ஒரு கடிதமே எழுதத் தொடங்கிவிட்டார். ‘பெண்ணைப் பூட்டிவைக்கும் நாட்டுக்கு உல்லாசப் பயணமா?’ என்று தலைப்புப் போட்டு, எழுத எழுத உரக்கப் படித்தும் காட்டினார். பக்கம் நிறைந்தது.

கஸ்பார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

“அண்ணா, அன்னாள் காத்துட்டிருப்பா. ஏற்காடு பஸ்ஸுல அண்ணிக்கு ஒரு சீட்டு...”

“வேண்டாம்.” பேனா நிற்கவில்லை. “பொம்பளைங்க தனியா மலை மேல போயி என்னத்தைப் பாக்கப் போறாங்க?”

“நாப்பது பேரு சேந்து போறாங்கண்ணா. பொழுது சாயறதுக்குள்ள வந்துருவாங்க.”

“ஊட்டு வேலையை யாரு பாக்கறது? நாலு பேரு என்ன பேசுவாங்க? நாந்தான் வேண்டாங்கறனே, உடு.”

பெண்ணுரிமைக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தவருக்குப் பெண்டாட்டிக்கு ஒரு பகலைக் கொடுக்க மனம் வரவில்லை. அடுத்தவர் வீட்டு விவகாரம், கஸ்பார் என்ன சொல்வது? எழுந்துகொண்டான்.

கந்தவேல் கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஓரத்தை ஒட்டினார்.

“நீயே சொல்லு கஸ்பாரு. எந்தப் பொம்பளையாச்சும் அந்த ஊருக்குப் போக ஆசைப்படுவாளா?”

உள்கதவு திறந்தது. ஜானகியம்மாள் நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தாள். எத்தனையோ முறை அந்த வீட்டுக்கு வந்திருந்தும், கஸ்பார் அவள் முகத்தை இன்றுதான் நேராகப் பார்த்தான். குனிந்து காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

“ஏனுங்க தம்பி, அந்த ஊருக்குப் போறதுக்குப் புருஷங்காரங்க நெசமாவே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறாங்களா?”

“குடுக்கறாங்க அண்ணி.”

“அப்ப அது நல்ல ஊருதானுங்க.”