மூணாவது காரணம்

"பூட்ஸ் எப்படி நனைஞ்சது ஹால்வர்?"

நர்ஸ் மார்லிஸ் உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி. மிதியடி மேல் பூட்ஸ். சுற்றிலும் உருகின பனித் தண்ணீர். அவர் பிடித்து நடக்கிற வாக்கரின் சக்கரங்களிலும் ஈரம்.

"கூரை ஒழுகுது," என்றார் ஹால்வர், ஜன்னலைப் பார்த்தபடி.

"பூட்ஸ் மேல மட்டுமா?"

"புத்திசாலிக் கூரை."

மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹால்வருக்கு எழுபத்தொன்பது வயசு. சர்க்கரை. இடது காலில் ஆறவே மாட்டேன் என்கிற புண். மனைவி போனதிலிருந்து கடவுளோடும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆறுதல் சொல்ல வந்த பாஸ்டரையே பனி தள்ளுகிற மண்வெட்டியோடு துரத்தின மனுஷன்.

வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்குத்தான் அரசாங்கச் செலவில் நர்ஸ் வீடு தேடி வருவாள். ஊர் சுற்றுகிறவர்களுக்குக் கிடையாது. இவர் வெளியே போகிறார் என்று எழுதினால், நர்ஸ் வருவது நிற்கும். புண் முற்றிக் காலையே எடுக்க வேண்டி வரும். எழுதாமல் மறைத்தால், மாட்டுகிற அன்றைக்கு மார்லிஸின் லைசென்ஸ் போகும்.

இந்தச் சிக்கல் இந்த வாரம் பார்த்தா வரணும்! சனிக்கிழமை அவளுக்கு வீட்டு நர்சிங் சான்றிதழ் பரீட்சை. ஏற்கெனவே ரெண்டு தரம் கோட்டை விட்டாச்சு. மூணாவது தரமும் போனால் வேலையும் போச்சு என்று அவளை அனுப்புகிற ஏஜென்சியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாசமாக ராத்திரியில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை.

நாற்காலியில் விரிப்பைப் போட்டு அதன் மேல் பையை வைத்தாள். கை கழுவினாள். கட்டைப் பிரிக்கக் குனிந்தாள். கத்தரிக்கோல் கை நழுவிக் கீழே விழுந்தது.

"என்ன நர்ஸம்மா, சனிக்கிழமையை நினைச்சு இன்னிக்கே பதட்டமா?"

"சனிக்கிழமை கிடக்கட்டும். போன புதன்கிழமையும் பூட்ஸ் ஈரம். அதுக்கு முந்தின புதன்கிழமையும் ஈரம். நாலு வாரமா மத்தியானத்துல ஒரு கார் வந்து உங்களை ஏத்திட்டுப் போகுதாம். எதிர்வீட்டு ஐரீன் சொன்னாங்க."

"ஐரீனுக்கு வேற பொழப்பு இல்ல."

"பாருக்குத்தானே போறீங்க? சர்க்கரையை வச்சுக்கிட்டு!"

ஹால்வரின் முகம் இறுகியது. "எங்கயோ போனேன். எழுதிக்கோ."

"எழுதினா உங்க கால் போயிடும், தெரியுமா?"

"போறது என் காலு. நீ உன் லைசென்ஸைப் பாரு."

என்ன கிழம் இது! ஊர் சுற்றுவது இவர், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவது அவள். புது மருந்துத் துணியை வைத்துக் கட்டுப் போட்டாள்.

அவர்தான் முதலில் இறங்கி வந்தார். அவள் பையிலிருந்து எட்டிப்பார்த்த கேள்வி அட்டைகளை உருவினார். அவள் கட்டுப் போடுவதும் அவர் கேள்வி வாசிப்பதும் ஒரு மாசமாக நடக்கிற வழக்கம்தான்.

"கேளு. நோயாளி வாரம் தவறாம வெளியே போனாலும் நர்ஸ் வர்றது நிக்காது. அதுக்கு மூணு காரணம் என்னென்ன?"

போயும் போயும் இந்தக் கேள்வியா! ரெண்டு தரமும் இங்கேதான் சறுக்கினாள்.

"டாக்டர்கிட்ட போறது... பெரியவங்களுக்கான பகல் நேரக் காப்பகத்துக்குப் போறது... மூணாவது..."

நாக்கு நுனி வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

"ஐயோ, பரீட்சையிலயும் இப்படித்தான் நிக்கப் போறேன். பின்னாடி விடை இருக்கும், படிங்களேன்."

ஹால்வர் அட்டையைத் திருப்பினார். படித்தார். காது வரைக்கும் சிவந்துபோனார். அட்டையை மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எழுத்து சரியாத் தெரியல."

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுதே!"

"இன்னிக்குத் தெரியல. விடுவியா?"

இனி பேசிப் பிரயோஜனமில்லை. அறிக்கையைத் திறந்தாள். 'நோயாளி வெளியே சென்று வருகிறார். காரணம்:' என்பது வரைக்கும் எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. இந்த ஒரு வரியில் ஒரு மனுஷனின் கால் இருக்கிறது.

எழுந்தாள். வாக்கர் போகிற வழியில் அவருடைய ஈரக் கோட்டு கிடந்தது. தடுக்கி விழுந்து வைப்பார் என்று அதை எடுத்து உதறினாள். நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது.

"அதைத் தொடாதே!" ஹால்வர் பதறிப்போய் எழப் பார்த்தார்.

பிரித்துவிட்டாள். நம்ம ஊர் லூத்தரன் சர்ச்சின் தாள்! தவக்காலப் புதன் ஆராதனை, மத்தியானம் பன்னிரண்டு மணி, பிறகு சூப்.

மார்லிஸ் அப்படியே நின்றாள்.

"மூணாவது காரணம்... சர்ச்சுக்குப் போறது!"

"சூப்புக்காகப் போனேன்," என்றார் ஹால்வர், ஜன்னலைப் பார்த்தபடி. "பட்டாணி சூப். நல்லா இருக்கும்."

"இதைச் சொல்லியிருந்தா தப்பே இல்லையே! ஏன் மறைச்சீங்க?"

ஹால்வர் தாளைப் பிடுங்கக் கை நீட்டினார்.

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் 'ஜெப விண்ணப்பங்கள்' என்று ஒரு பட்டியல். யாருக்கோ முட்டி ஆபரேஷன், யாருக்கோ பிரசவம். இவர் காலுக்காக ஒரு வரியாவது இருக்கும் என்று தேடினாள். இல்லை.

கடைசி வரி இப்படி இருந்தது:

'நர்ஸ் மார்லிஸ் சனிக்கிழமை பரீட்சையில் பாஸாக. கேட்டுக்கொண்டவர்: ஹால்வர். நான்காவது வாரமாக.'