ஏழு நாள் நேர்த்தி

"நல்லா இருந்த சில்வெஸ்ரர் அண்ணையைப் பைத்தியமாக்கினது நானோ? நீங்கள் சொல்லுறதைக் கேட்டால் அப்பிடித்தான் கிடக்கு."

கோயில் திருநாள் கூட்டத்திலை ஜெனீற்றா எழும்பிவிட்டாள். மருத்துவபீடத்திலை நாலாம் வருசம். வாய் மட்டும் எப்பவோ பட்டம் எடுத்திட்டுது.

எதிரிலை இருந்தவர் திருநாள் தலைவர் கிறிஸ்தோப்பர். போன மாசம் சில்வெஸ்ரர் துறையிலை நிண்ட பதினெட்டு வள்ளத்துக்கும் தனியாளாப் பெயின்ற் அடிச்சவர். நித்திரையில்லை, சாப்பாடில்லை, கதை மட்டும் ஓயேல்லை. தன்ர வலையளைக் கண்டவைக்கும் தூக்கிக் குடுத்தார். மாதாவுக்கு நேர்த்திக்கடனாக்கும் எண்டு சனம் நினைச்சுது. நேர்த்தி செய்யிறவரை ஊரிலை ஆரும் மறிக்கிறேல்லை.

அடுத்த வீட்டு ஜெனீற்றாதான் அவரைப் பஸ் ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள். மேனியா, மனம் கட்டில்லாமல் பொங்கிற வருத்தம் எண்டு சொல்லி வைத்தியர் குளிசை குடுத்தார். இப்ப சில்வெஸ்ரர் நித்திரை கொள்ளுறார். ஆனால் அவர் தொடங்கின கோயில் மதில் பாதிப் பெயின்ற்றோடை நிக்குது. திருநாள் முடியுமட்டும் அவர் குளிசையை நிப்பாட்டட்டாம் எண்டு கிறிஸ்தோப்பர் சொல்லிப்போட்டார்.

"நிப்பாட்டினால் திரும்பப் பொங்கும். வள்ளத்தோடை கடலிலை போய்த் துலைஞ்சால் ஆர் பொறுப்பு? வருத்தக்காரனிட்டை ஓசியிலை வேலை வாங்கிப்போட்டு நேர்த்தியெண்டு பேர் வைக்கிறியள்."

கிறிஸ்தோப்பர் வாய் திறக்க முதல் அடுத்தது. விடாமல், மூச்செடாமல், ரெண்டு கையையும் வீசி. புதுசா ஆரும் வந்திருந்தால் வருத்தம் இவளுக்குத்தான் எண்டு நினைச்சிருப்பினம்.

"அண்ணை பெயின்ற் பிறஸ்ஸைத் தூக்கின முதல் நாளே நான் கண்டுபிடிச்சிட்டன். கண்டும் பேசாமல் இருந்தவை ஆர்? எழும்பி மைக்கிலை சொல்லுங்கோ."

கடைசிக் கதிரையிலையிருந்து சில்வெஸ்ரர் மெல்ல எழும்பினார்.

"கிறிஸ்தோப்பர் அண்ணை, நான் குளிசையை விடமாட்டன்."

ஜெனீற்றா நெஞ்சை நிமித்தினாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, முதல் நாளே கண்டனீர். ஏழாம் நாள்தானே என்னைக் கொண்டுபோனனீர்?"

அவளின்ர வாய் அண்டைக்குத்தான் முதல்தரம் நிண்டுது.

மேனியா எண்டு சொல்ல ஒரு கிழமையாவது நீடிக்கோணும் எண்டு புத்தகத்திலை கிடந்தது. அவளுக்கு ஒரு நோயாளி அறிக்கை எழுதிக் குடுக்கவும் இருந்தது. ஒரு நாள் குறைஞ்சாலும் புள்ளி போயிடும். ஏழு நாளும் வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு அவர் செய்யிறதையெல்லாம் கொப்பியிலை குறிச்சவள்.

சில்வெஸ்ரர் மைக்கை எடுத்து அவளிட்டை நீட்டினார்.

"ஏனெண்டு சொல்லும். எல்லாருக்கும் கேக்கோணும்."