சிவப்புத் துணி கட்டிய கோழிகள்

கூரையை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு ஓட்டையை விட்டுவிட்டு, கோழிக்கூட்டின் மற்ற இடுக்குகளை எல்லாம் கிளாஃபிரா காட்டுப் பாசியால் அடைத்து முடித்தாள்.

கோழிகளின் மூச்சு வெளியே போக வழி வேண்டும். குளிரைத் தாங்கிக்கொள்ளும் கோழி ஈரத்தைத் தாங்காது. கொண்டை கறுத்து உதிர்ந்துவிடும்.

தரையில் மரத்தூள் ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டியாகிவிட்டது. உருண்டைக் கம்பை எடுத்துவிட்டு அகலமான பலகை போட்டாகிவிட்டது. பலகையில் உட்கார்ந்தால்தான் விரல்கள் இறகுக்குள் ஒளிந்துகொள்ளும். மூலையில் கோழிகள் புரளச் சாம்பல் பெட்டி. ஆணியில் காய்ந்த செந்தட்டிக் கட்டுகள்; பனி மூடிய பிறகு அவற்றுக்கு அதுதான் கீரை.

ஏழு பெட்டை, ஒரு சேவல். ஏப்ரல் வரை இவை போதும், பேசிக்கொண்டிருக்க.

ஊரில் இருபத்து மூன்று வீடுகள். அக்டோபர் கடைசியில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளிடம் வோலோக்டா நகரத்துக்குப் போய்விடுவார்கள். போகிறவர்கள் தங்கள் கோழிகளை நியூராவிடம் விட்டுப் போவது வழக்கம். நியூராவின் மகன் அவளோடேயே இருக்கிறான். அவள் எங்கும் போவதில்லை. எது யாருடைய கோழி என்று தெரிய, காலில் ஆளுக்கொரு நிறத்தில் துணி கட்டிவைப்பாள். பள்ளிக்கூடத்து டீச்சருடையது நீலம். தபால்காரர் வீட்டுடையது மஞ்சள்.

கிளாஃபிராவுக்கு இதுவரை நிறம் தேவைப்பட்டதில்லை.

வண்டிக்கடை வரும் நாளெல்லாம், ரொட்டிக்கு நிற்கும் வரிசையில், அவளும் சொல்லத்தான் செய்வாள். மகள் ராயா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், இந்தக் கோழிகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று. ஒன்பது வருடமாக ஊருக்கே அது மனப்பாடம்.

வேலிக் கதவு கிறீச்சிட்டது. நியூரா வந்து நின்றாள். இரண்டு கைகளிலும் மூடி போட்ட கூடைகள். கோட்டுப் பையிலிருந்து சிவப்புத் துணிக் கீற்றுகள் எட்டிப் பார்த்தன.

தன் மகன் கூட்டில் இன்னொரு பலகை அடித்துவிட்டதாகவும், கிளாஃபிராவின் கோழிகளுக்கு இடம் தயார் என்றும் நியூரா சொன்னாள். போன பிப்ரவரியில் கிணற்றடிப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, மதியம்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்த கிளாஃபிராவை அந்த மகன்தான் தூக்கி வந்தான். இன்னொரு பிப்ரவரியை இப்படித் தனியாகக் கழிக்க விடமாட்டேன் என்றாள்.

கிளாஃபிரா சேவலைக் காரணம் சொன்னாள். அது பொல்லாதது, மற்ற கோழிகளைக் கொத்தும்.

பொழுது சாய்ந்ததும் பலகையில் ஏற்றிவிட்டால், விடியும்போது அங்கேயே பிறந்து வளர்ந்ததாக நினைத்துக்கொள்ளும் என்றாள் நியூரா. புருஷன் காலம் முழுக்கத் தன் பேச்சைக் கேட்டதில்லை, சேவலாவது கேட்கட்டும் என்றும் சொன்னாள்.

அடைத்து முடித்த கூட்டைக் காட்டினாள் கிளாஃபிரா. இவ்வளவு வேலையும் வீணாகுமே என்றாள். மரத்தூள் புதிது என்றாள். மகளின் வீடு சின்னது என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

நியூராவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"ஒம்பது வருஷமா கோழி கோழின்னு சொல்லி அந்தப் பொண்ண ஏங்க வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு தாயாடி? உன் சாக்கு மொத்தத்தையும் இன்னைக்கு என் கூடையில போட்டுட்டுப் போறேன். நீ என் கண்ணு முன்னாடியே அவளுக்குப் போன் போடு."

ஒவ்வொன்றாகப் பிடித்தாள். ஒவ்வொன்றின் காலிலும் சிவப்பு. கிளாஃபிரா கூட்டின் வாசலில் நின்றாளே தவிர, மறிக்கவில்லை. மறித்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

குளியலறைக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். இருவரும் ஏறினார்கள். நியூரா நாகரிகமாகப் பத்தடி தள்ளி, கூடைகளைக் கீழே வைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்காரி போலச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது மணியில் ராயா எடுத்தாள். அலுவலகத்தில் இருந்தாள் போல. பின்னால் யாரோ பேசும் சத்தம்.

கோழிகளை எல்லாம் நியூராவிடம் கொடுத்துவிட்டேன் என்றாள் கிளாஃபிரா. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

"ஏம்மா? நீ எங்கயாவது போறியா?"

கேலி இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

ராயா நல்ல பெண். விறகு போதுமா என்று கேட்பாள். ரத்த அழுத்த மாத்திரை தீர்வதற்குள் அடுத்ததை அனுப்பிவிடுவாள். ஞாயிறு தவறினாலும் அவள் போன் தவறாது. வா என்று மட்டும் இந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

எங்கும் இல்லை, சும்மாதான் சொன்னேன் என்று மெதுவாகச் சொல்லி, கிளாஃபிரா இணைப்பைத் துண்டித்தாள்.

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

நியூரா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிடி, சரி," என்றாள் கிளாஃபிரா, பத்தடி தூரத்துக்குக் கேட்கும்படி. "அழாத. நாளைக்குக் காலையிலேயே பஸ் ஏறிடறேன்."