சண்டை ரீல்

அது பொங்கலுக்கு மறுநாளா, அதற்கும் மறுநாளா என்று சந்தானகிருஷ்ணனுக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. படத்தின் பெயரும் மறந்துவிட்டது. பெஞ்சு வரிசையில் தியாகேசன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறியது மட்டும் அப்படியே நிற்கிறது.

எழுபத்து நாலாம் வருஷம், குடவாசலில் மேட்னி ஷோ. திரையில் பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். நாலு வெடி வெடித்ததும் சத்தம் சட்டென்று அறுந்துபோயிற்று.

தரை டிக்கெட் மொத்தமும் கேபின் பக்கம் திரும்பி விசிலடித்தது.

"டேய் ஆபரேட்டரு, ஊமைப்படமா ஓட்டுற?"

"சவுண்ட விடுடா! இல்ல டிக்கெட் காச எடுத்து வை!"

அந்த விசிலுக்கு நடுவில்தான் தியாகேசன் எழுந்தார். காதைப் பொத்திக்கொண்டு, "வேணாம், சுடாதீங்க, சுடாதீங்க" என்று கத்தியபடி வாசலுக்கு ஓடினார்.

"பட்டாளத்துக் கிறுக்கு கெளம்பிடுச்சுடோய்!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்து அடங்கியது.

சந்தானகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. நில உச்சவரம்பில் போனது போக மிஞ்சியதை விற்று வாங்கிய தியேட்டர் அது. அறுவடைக் கூலித் தகராறில் கடைத்தெருவில் போலீஸ் லாரி நின்றுகொண்டிருந்த நேரம். உள்ளே நாலு நாற்காலி உடைந்தால் லைசென்ஸே போய்விடும். இதோடு மூன்று படத்தில் இதே கதை. அவருக்கு அலுத்துவிட்டது.

இடைவேளையில், ஆபரேட்டரின் சிநேகிதரான தியாகேசனைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தார்.

"தம்பி, ஆபரேட்டர் பாய இன்னியோட வீட்டுக்கு அனுப்பப் போறேன்."

தியாகேசன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவசரமாகப் பேசினார்.

"அவன் மேல தப்பில்ல மொதலாளி. பங்களாதேஷ் சண்டையில நானும் பக்கீர் முகம்மதும் ஒரே லாரி. பக்கத்துலயே குண்டு விழுந்துச்சு. அதுலேருந்து எனக்குச் சத்தம் ஆகாது. எனக்காகத்தான் நிறுத்துறான்."

"ஆகாதுன்னா சண்டைப் படத்துக்கு ஏன் தம்பி வர்றீங்க?"

"அவன் ஓட்டுற படம். வராம இருக்க முடியல."

"உங்க தங்கச்சி மதுரத்தப் பொண்ணு பாக்க வந்தவங்க, அண்ணன் கிறுக்காமேன்னு பாதி வழியிலயே திரும்பிட்டாங்களாம். தெரியுமா?"

"தெரியும்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தானகிருஷ்ணன் அதை இறுக்கி மூடினார்.

"சரி, பாய் இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா நீங்க இனிமே உள்ள வரக் கூடாது. நீங்க இல்லாதப்பவும் சத்தம் நின்னுச்சுன்னா, அவரு போயிட வேண்டியதுதான்."

தியாகேசனின் முகம் வெளுத்தது. "ஒரு ஓரமா உக்காந்துக்கறேன் மொதலாளி. இந்த ஒரு படம்…"

"முடியாது தம்பி."

கேட்டைச் சாத்திவிட்டு, அவரே உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். ஒரு மணி நேரம் படம் ஒழுங்காக ஓடிற்று. கடைசிச் சண்டை வந்தது. முதல் குண்டு வெடித்த மறுகணம் தியேட்டர் ஊமையாயிற்று.

விசில் பறந்தது. தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். எங்கோ ஒரு பலகை முறியும் சத்தம் கேட்டது. சந்தானகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேபின் படிகளில் ஏறினார்.

"என்ன பாய், யாருக்காக இப்ப…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார்.

பக்கீர் முகம்மது மெஷினுக்கு அடியில் சுருண்டு கிடந்தார். முழங்காலுக்குள் தலை புதைந்திருந்தது. ஒரு கை மட்டும் மேலே நீண்டு, சவுண்டுப் பெட்டியின் திருகை இறுக்கிப் பிடித்திருந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"குனிங்க மொதலாளி!" என்றார் தலையைத் தூக்காமலே. "குனிஞ்சுக்கங்க, குனிஞ்சுக்கங்க!"

சந்தானகிருஷ்ணன் குனிந்தார். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டுத் திருகைத் திருப்பினார். குண்டுகள் வெடித்தன, கீழே கூட்டம் கைதட்டி உட்கார்ந்தது. ரீல் முடியும்வரை பாயின் இரண்டு காதையும் தம் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு தரையிலேயே இருந்தார்.

பக்கீர் முகம்மதுவை அவர் அனுப்பவில்லை. பிறகு பன்னிரண்டு வருஷம், சண்டை ரீல் வந்தால் முதலாளியே கேபினுக்கு ஏறினார். பாய் கீழே போய்த் தியாகேசனோடு டீ குடித்தார். மதுரத்துக்கு மறுவருஷம் வைகாசியில் நாகப்பட்டினத்து மாப்பிள்ளை அமைந்தார். பாய் நாகூரில் மகள் வீட்டில் காலமானார், தியாகேசன் அதற்கு அடுத்த மழைக்காலத்தில். தியேட்டரும் இப்போது இல்லை.

அன்று ரீல் முடிந்து பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், சந்தானகிருஷ்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தியாகேசனப் போலவே உங்களுக்கும் சத்தம் ஆகாதா பாய்?"

பக்கீர் முகம்மது மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தக் குண்டு விழுந்ததுலேருந்து அவனுக்கு ரெண்டு காதும் கேக்காதுங்க மொதலாளி."