நிமிர்ந்த கோப்பை

வெயில் சமையலறை ஜன்னலைத் தாண்டி மேசைவரை வந்து கிடக்கிறது. பாரில் பானம் கலப்பதே பிழைப்பான மகன், இன்று வீட்டு விருந்துக்காகப் பீச் சாறும் புதினாவும் போட்ட கோப்பைகளைச் சாய்த்துப் பிடித்து, குமிழி சாகாதபடி விளிம்போரமாக ஸ்பார்க்ளிங் ஒயினை இறக்குகிறான். பிள்ளைத்தாய்ச்சி மனைவிக்கு மட்டும் சோடா. எப்போதும் முதல் கோப்பைக்கு அடிபோடும் அம்மா, கிட்டே வந்து குரலைத் தாழ்த்துகிறாள். “எனக்கும் சோடாவே ஊத்துடா.” “ஏம்மா, உடம்பு சரியில்லையா?” இருபது வயதில் இவனைப் பெற்றவள், புதுப்பெண் மாதிரி நகத்தைச் சுரண்டுகிறாள். கதவோரம் நிற்கும் அப்பா, ஓடாத மின்விசிறியை அண்ணாந்து ஆராய்கிறார். “உன் பிள்ளைக்கு ஒரு சித்தப்பா வேணாமாடா?” என்கிறாள் அம்மா. மகனின் கையில் கோப்பை தானாக நிமிர்கிறது. ஒயின் நட்டநடுவில் விழுந்து, நுரை பொங்கி, விரல்களில் வழிந்து தரையில் சொட்டுகிறது. “டேய், ஒயின் வீணாகுது பாரு,” என்கிறார் அப்பா, மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.