விருந்தாளிக்குக் காட்டிய ஊர்

"உங்க கூட்டாளிக்குப் பொறாமைங்க" என்றாள் புஷ்பம், காலைச் சமையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே.

அழகர் சமையலறைக் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு. முன்னறையிலதான் இருக்காரு."

"ரெண்டு நாளா ஊரைச் சுத்திக் காட்டுறீங்க. ஒரு தடவை நல்லாயிருக்குன்னு வாயத் தொறந்து சொன்னாரா? சீதா மதினியாவது ஆசையாப் பாக்குறாங்க. இவரு எதைக் காட்டினாலும் மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு. நாம நல்லா இருக்கிறது பொறுக்கல."

அழகருக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

செல்லச்சாமியும் அவரும் மதுரையில் ஒரே மில்லில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். செல்லச்சாமி பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஐந்து வருஷத்துக்கு முன் இலங்கையின் கண்டியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை கிடைத்து, அழகர் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். டவுனை ஒட்டிய மஹய்யாவப் பக்கம் வாடகை வீடு. மகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஊரிலிருந்து வீடு தேடி வந்த முதல் விருந்தாளிகள் செல்லச்சாமியும் அவர் மனைவி சீதாவும்தான். அழகர் ஒரு வாரம் லீவு போட்டு, வேன் பேசி வைத்திருந்தார்.

முதல் நாள் வாவிக் கரையில் நின்று, "இந்தக் குளத்தை வெட்டினது யாருன்னு நினைக்கிறீங்க? கண்டியோட கடைசி ராஜா. நம்ம மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம்ணே" என்றார், தானே வெட்டியது போல.

செல்லச்சாமி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

புத்தரின் பல் இருக்கும் மாளிகைக்குப் போனபோதும் "ம்". மறுநாள் பேராதனைப் பூங்காவிலும் "ம்".

இன்றைக்கு ஹந்தானை மலை. மேலே வேனை நிறுத்தி அழகர் கையை நீட்டினார். "கீழ தெரியுது பாருங்க, கண்டி டவுன் முழுசா. இப்படி ஒரு ஊரு உலகத்துல எங்கயும் இருக்காதுண்ணே. தேயிலையைப் பாருங்க, சீப்பு வச்சு வாரிவிட்ட மாதிரி."

செல்லச்சாமி கொஞ்சம் தள்ளிப் போய்த் தனியாக நின்றுகொண்டார். புஷ்பம் புருஷனைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

அந்த நேரம்தான் மகள் அலறினாள். மரத்தடியில் பூப் பறிக்கப் போனவளைக் குளவி கொட்டியிருந்தது. கழுத்தில் நாலைந்து இடம். வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு புறப்படுவதற்குள் முகம் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது.

இரண்டு வளைவு இறங்கியதும் வேன் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு லொறி பழுதாகிக் கிடந்தது.

"இதை எடுக்க அரை மணி நேரமாவது போகும்" என்றார் வேன்காரர்.

ஆஸ்பத்திரிக் கட்டடம் கீழே கண்ணுக்குத் தெரிகிறது. போக வழி இல்லை.

செல்லச்சாமி அழகரின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். நேராகத் தேயிலைக்குள் நுழைந்தார்.

"அண்ணே, எங்க போறீங்க? வழி தெரியாத இடம்."

"பேசாம என் பின்னால வா."

செடிகளுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. அது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இறங்கி, ஒரு ஓடையைத் தாண்டி, கல்படிகளில் சரிந்து போனது. கடைசியில் ஒரு வீட்டு முற்றம். கேட் பூட்டியிருந்தது. உள்ளே இருந்த பெரியவரிடம் செல்லச்சாமி மடமடவென்று சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர் ஓடிவந்து திறந்துவிட்டார்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி.

ஊசி போட்டு, முகத்தில் ஒக்சிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. "நல்ல நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க. இன்னும் லேட்டாகியிருந்தா கஷ்டம்" என்றார் டொக்டர்.

புஷ்பமும் சீதாவும் வேனில் வந்து சேர முக்கால் மணி நேரமானது. மகள் கண் விழித்துப் பார்ப்பதைக் கண்ட பிறகுதான் புஷ்பத்துக்குப் பேச்சு வந்தது. "லொறி இப்பத்தான் நகர்ந்துச்சு. நீங்க எப்படி வந்தீங்க?"

அழகர் செல்லச்சாமியைப் பார்த்தார். "அண்ணே, அந்தப் பாதை உங்களுக்கு எப்படித் தெரியும்? சிங்களம் எப்படி வருது?"

செல்லச்சாமி சட்டையில் ஒட்டியிருந்த தேயிலை இலையைத் தட்டிவிட்டார்.

"இனிமேலாவது சொல்லுங்களேன்" என்றாள் சீதா.

"அந்த லயத்துலதான் நான் பொறந்தேன்" என்றார் செல்லச்சாமி. "பள்ளிக்கூடத்துக்கு அந்தப் படி வழியாத்தான் தினமும் இறங்குவோம். எழுபத்தி நாலுல, ரெண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தப்படி எங்க குடும்பத்தை இந்தியாவுக்குன்னு தலைமன்னார்ல கப்பல் ஏத்தினாங்க. எனக்கு அப்பப் பதினாறு வயசு."

புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அழகருக்குக் கூச்சமாக இருந்தது. "அப்ப மூணு நாளா உங்க ஊரையே உங்களுக்குக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"கப்பல் ஏத்தறப்போ, இது உங்க ஊரில்லைன்னாங்க. அங்க போய் இறங்கினா, சிலோன்காரன்னு ஒதுக்கினாங்க. மில்லுல சேர்ந்ததுல இருந்து இந்தப் பேச்சையே நான் எடுக்கிறதில்ல."

செல்லச்சாமி பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரியாக மூடிவிட்டார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல எங்க ஊரை ஒருத்தன் பெருமையாச் சொல்லி நான் கேட்டது இந்த மூணு நாள்தான் தம்பி. குறுக்க பேசி அதை நிறுத்த எனக்கு மனசு வரல."