மாதா வேடம்

ஊரே "வாரும் ஆண்டவரே, வாரும்" என்று பாடிக்கொண்டிருந்த திருவருகைக் காலம் முழுக்க, லோசா மட்டும் "வராதே" என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

வந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், தலைநகர் ஆபியாவிலிருந்து வந்த கப்பலில் இறங்கி, நேராகக் கோயிலுக்குள் நுழைந்து, முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள் அக்கா பெனினா. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

லோசா மடியிலிருந்த கைக்குழந்தை பெதெலோவை இறுக்கிக்கொண்டாள்.

அவன் பெனினா பெற்ற பிள்ளை. ஆறாவது. சில வாரங்களுக்கு முன், திருவருகையின் முதல் ஞாயிறன்று, பிள்ளையில்லாத தங்கையின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சமோவாவில் இதற்கெல்லாம் பத்திரம் கிடையாது. கொடுத்தால் கொடுத்ததுதான். திருப்பிக் கேட்டால், கொடுத்துவிட வேண்டியதுதான்.

அந்தக் கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவாகப் பொம்மை வைக்கும் வழக்கமில்லை. ஊரில் கடைசியாகப் பிறந்த குழந்தையைத்தான் கிடத்துவார்கள்; இந்த வருடம் அது பெதெலோ. குழந்தையின் தாய் நீலத் துணி போர்த்தி மாதாவாக நிற்பாள்.

ஊருக்குப் புதிதான உபதேசியார் துணியை உயர்த்திக் காட்டினார்.

"பிள்ளையைப் பெத்தவங்க முன்னால வாங்க!"

உள்ளூர்க்காரர் வாயில் அப்படி வந்திருக்காது. யார் பாயில் பிள்ளை தூங்குகிறதோ அவள்தான் இங்கே தாய். பெற்றது யார் என்று சபையில் கேட்பதில்லை.

கோயிலில் தலைகளெல்லாம் முன் பெஞ்சுப் பக்கம் திரும்பின.

பெனினா எழுந்தாள்.

போச்சு, என்றது லோசாவின் நெஞ்சு. ஊர் பார்க்க அக்கா அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டால், நாளைக் காலைக் கப்பலில் பிள்ளையும் போய்விடும்.

பெனினா உபதேசியார் கையிலிருந்து துணியை வெடுக்கென்று வாங்கினாள்.

"ஆறு பெத்த மாதாவை எந்த வேதத்துல படிச்சீங்க, உபதேசியாரே?"

கோயில் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் துணி லோசாவின் தலைமேல் இருந்தது.

"கழுத்தை நிமுத்துடி. மாதா மாதிரியா நிக்கற? பிள்ளை பிடிக்கிறவ மாதிரி நிக்கற." பெனினாவின் குரல் காதோரம் தணிந்தது. "உன் மகன் அங்க படுத்திருக்கறதைப் பார்க்கத்தான் கப்பலேறி வந்தேன். சொல்லியிருந்தா பன்னியை அடிச்சு அமர்க்களம் பண்ணியிருப்ப."

உன் மகன்.

லோசாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. தட்டுத்தடுமாறி நடந்து பெதெலோவைக் குடிலில் கிடத்தினாள்.

முதுகு தென்னோலையில் பட்டதுதான் தாமதம், வீரிட்டான். சபை பாடிய பாட்டையே அமுக்கிவிட்ட அழுகை. லோசா வாரியெடுத்துத் தோளில் போட்டாள். இரண்டு விக்கல். அடங்கிவிட்டான். அவள் தோளில், அவள் வாசனையில்.

ஊர் கைதட்டியது. இத்தனை சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நன்றி சொல்ல அக்காவின் முகத்தைத் தேடினாள்.

உபதேசியார் வாசிக்க ஆரம்பித்திருந்தார். கடவுள் தம் ஒரே மகனையே கொடுத்தார் என்ற வரி. வருடா வருடம் அதற்கு நன்றி சொல்லி வளர்ந்தவள்தான் லோசா. கொடுத்தவருக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

பெனினா முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் புழுக்கத்தில் எல்லோர் கையிலும் தாழை விசிறி ஆடிக்கொண்டிருந்தது. அவளுடையது மட்டும் ஆடவில்லை. மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

விசிறிக்குக் கீழே, வெள்ளை உடுப்பில், பால் நனைந்து இறங்கிக்கொண்டிருந்தது.